இரண்டாம் பெயர்

அமெரிக்க ஒன்றிய நாடுகளில் நான்காண்டுக்கு ஒருமுறை நடைபெறும் குடியரசுத் தலைவர் தேர்தலில் ஒவ்வொரு கட்சியும் மக்கள்முன் வைப்பது ஒரு பெயரை அன்று; இரண்டு பெயர்களை. முதற்பெயர் தலைவருக்கு உரியது. இரண்டாம் பெயர் துணைத்தலைவருக்கு உரியது. இரண்டையும் பிரித்து ஒப்போலை இடுதல் இயலாது. கொண்டால் இரண்டையும் கொள்ளல் வேண்டும். தள்ளினால் இரண்டையும் தள்ளல் வேண்டும். விளக்கொளியும் முழக்கமும் மாலையும் முதற்பெயருக்கே. இரண்டாம் பெயரோ மணமேடையில் மாப்பிள்ளைத் தோழன்போல் அருகில் நிற்பது. ஆயினும், தோழனே மாப்பிள்ளையாகிவிட்ட மணங்கள் அந்நாட்டு வரலாற்றில் ஒன்றல்ல, இரண்டல்ல, ஒன்பது! எட்டுத் தலைவர்கள் பதவியில் இருக்கும்போதே இறந்தனர். ஒருவர் 1974-இல் பதவி துறந்தார். அவற்றுள் எட்டு முறை, மக்கள் இரண்டாவதாகப் பார்த்த பெயரே, சிலர் பாராமலே விட்ட பெயரே, நாட்டை ஆண்டது.

இரண்டாம் பெயரைத் தேர்ந்தெடுப்பவர் எண்ணுவது ஒன்று. அத்தேர்வினால் விளைவது பிறிதொன்று. எண்ணுவது ஒப்போலை, விளைவது ஆட்சி. பரப்புரைக்காலத்தில் மூன்று திங்கள் பயன்படட்டும் என்று பொறுக்கப்பட்ட ஒருவர், முப்பது ஆண்டுக்கு நாட்டின் போக்கைத் திருப்பிவிட்டுச் செல்வதுண்டு. இவ்வுண்மையைத் தமிழரும் ஆழ எண்ணிப் பார்க்க வேண்டிய கடப்பாடு உண்டு. ஏனெனில், 2020-ஆம் ஆண்டுத் தேர்தலில் அந்த இரண்டாம் பெயருக்கு உரியவராய் நின்றவர் ஒரு தமிழ்த்தாயின் மகள். அன்று தமிழ்நாட்டில் எழுந்த மகிழ்ச்சி ஆரவாரம் எத்தகையது, அதனால் விளைந்தது யாது என்பதை நிறுத்துப் பார்க்கும் காலம் வந்துவிட்டது.

தோற்றவர் துணைவரான முறை

1787-இல் வகுக்கப்பட்ட அந்நாட்டு அரசியற் சட்டத்தில் துணைத்தலைவருக்கெனத் தனித்தேர்தல் இல்லை. தேர்வாளர் ஒவ்வொருவரும் இருவர்க்கு ஒப்போலை இடுவர். மிகுதியாகப் பெற்றவர் தலைவர். அடுத்துப் பெற்றவர் துணைத்தலைவர். போட்டியில் தோற்றவரே வென்றவருக்குத் துணைவர் என்பது இதன் பொருள். ஏட்டில் இது பெருந்தன்மையாகத் தோன்றிற்று. நடைமுறையிலோ ஒரு வீட்டுக்குள் இரண்டு அடுப்பு மூட்டியது போலாயிற்று. 1796-இல் சான் ஆடம்சு தலைவரானார். அவரை எதிர்த்து நின்ற தாமசு செப்பர்சன் துணைத்தலைவரானார். இருவர் கட்சியும் வேறு, கொள்கையும் வேறு.

அடுத்து 1800-இல் வேறொரு முடிச்சு விழுந்தது. செப்பர்சனும் அவருக்குத் துணையாக நிறுத்தப்பட்ட ஆரன் பர் என்பாரும் ஆளுக்கு 73 ஒப்போலை பெற்றுச் சமமாயினர். துணைக்கு வந்தவர் முதலிடத்தை விட்டுக்கொடுக்க முன்வரவில்லை. 1801 பெப்ரவரியில் பேராளர் அவை 36 முறை ஒப்போலை எடுத்தே அம்முடிச்சை அவிழ்க்க முடிந்தது. அந்தப் பட்டறிவால் பிறந்ததே 1804-இல் நிறைவேறிய பன்னிரண்டாம் சட்டத்திருத்தம். அதன்பின் தலைவருக்கும் துணைத்தலைவருக்கும் தேர்வாளர் தனித்தனியே ஒப்போலை இட்டனர். கட்சிகள் இருவரையும் இணைத்தே நிறுத்தலாயின.

இணைத்து நிறுத்தும் முறை வந்ததும் துணைத்தலைவர் பதவியின் இயல்பே மாறிவிட்டது. முன்னர் அது தோற்ற பெருந்தலைவரின் இருக்கை. பின்னர் அது பேரத்தின் விலை. எந்தப் பகுதியினர் சினந்திருக்கின்றனரோ அவரைத் தணிக்கவும், எந்தக் குழுவினர் ஐயுறுகின்றனரோ அவரைத் தேற்றவும் கொடுக்கப்படும் பொருளாயிற்று. பல்லாண்டுகள் வரை தலைவர் வேட்பாளர்கூட இதனை முடிவுசெய்வதில்லை. கட்சி மாநாட்டில் ஊர்ப்பெருந்தலைகள் கூடி முடித்தனர். 1940-இல் பிராங்குளின் உரூசுவெல்டு, தாம் விரும்பியவரைத் துணைவராகத் தராவிடில் தாமே நிற்பதற்கில்லை என்று உறுதியாய் நின்று பெற்ற பின்னரே, அவ்வுரிமை படிப்படியாகத் தலைவர் வேட்பாளர் கைக்கு வந்தது.

பதவியின் வேலை என்ன? மேலவையில் தலைமை தாங்குதல்; அங்கு இருபுறமும் சமமாய் நிற்கும்போது ஓர் ஒப்போலை இடுதல்; தேர்வாளர் ஒப்போலைகளை எண்ணும் நாளில் அவைத்தலைவராய் அமர்தல். இவை தவிரச் சட்டம் தந்த வேலை ஒன்றே: தலைவர்க்கு நேரக்கூடாதது நேர்ந்தால் அவ்விருக்கையில் அமர்தல்.

இரண்டு சான்சன்கள்

இத்தேர்வின் நன்மையையும் தீமையையும் ஒருசேரக் காட்டுதற்கு ஒரே பெயர் தாங்கிய இருவர் போதும். இருவர் பெயரும் சான்சன். இருவரும் தென்மாநிலத்தவர். இருவரையும் ஒப்போலைக்காகவே துணை சேர்த்தனர். இருவரும் கொலையுண்ட தலைவரின் இருக்கையில் அமர்ந்தனர். ஆனால் ஒருவர் மூட முயன்ற கதவை மற்றவர் திறந்தார்.

1864-ஆம் ஆண்டு. உள்நாட்டுப் போர் மூன்றாண்டைக் கடந்துவிட்டது. ஆபிரகாம் இலிங்கன் இரண்டாம் முறை நிற்கிறார். வெற்றி உறுதியில்லை, அவ்வாண்டு ஆகத்துத் திங்களில் தாம் தோற்கவே கூடும் என்று அவரே எண்ணினார். போரை ஏற்கும் எதிர்க்கட்சியினரையும் எல்லை மாநிலத்தாரையும் இழுக்க வேண்டும். எனவே, துணைத்தலைவராய் இருந்த வடபுலத்து ஆனிபல் ஆம்லினை விடுத்து, தென்னசி மாநிலத்து ஆண்டுரூ சான்சனைக் கட்சி மாநாடு நிறுத்தியது. இலிங்கன் தடுத்தாரில்லை. பிரிந்துபோன மாநிலங்களின் மேலவை உறுப்பினருள் பதவியை விடாது ஒன்றியத்தோடு நின்றவர் அவர் ஒருவரே. எனவே, பரப்புரைக்கு அவர் பெயர் மிகப் பொருந்திற்று. ஆனால் அவர் அடிமைகளை உடைமையாக வைத்திருந்தவர். ஒன்றியம் பிளவுபடுதலை வெறுத்தாரேயன்றிக் கறுப்பினத்தார் தம்மோடு நிகராக நிற்பதை அவர் நெஞ்சு ஏற்றதில்லை. ஒப்போலைக் கணக்கில் இது எவர் கண்ணிலும் படவில்லை.

தேர்தலை வென்று தந்ததும் அவர் பெயரன்று. செப்டம்பர்த் தொடக்கத்தில் அட்லாண்டா நகர் ஒன்றியப் படையிடம் வீழ்ந்தது. நாட்டின் மனநிலை மாறிற்று. இலிங்கன் 212 தேர்வாளரைப் பெற்றார். எதிரி பெற்றது 21. பேரம் தேவைப்படாத இடத்தில் பேரம் முடிந்திருந்தது. அதற்குரிய விலை பின்னர் வந்தது. 1865 ஏப்பிரல் 14-இல் இலிங்கன் சுடப்பட்டார், மறுநாள் இறந்தார். பதவியேற்று ஆறு கிழமையே ஆன துணைத்தலைவர் தலைவரானார்.

விளைவு யாது? அடிமைத்தளை அறுந்த கறுப்பினத்தார் ஏறத்தாழ 40 இலக்கம் பேர். கடற்கரைப் பகுதிகளில் படைத்தலைவர் செருமன் ஆணையால் அவர்கட்குப் பிரித்தளிக்கப்பட்ட நிலங்கள், அவ்வாண்டே பழைய பண்ணையாரிடம் திரும்புமாறு சான்சன் செய்தார். உழுது விதைத்தவர் வெளியேற்றப்பட்டனர். 1866-இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது அதற்கு ஒப்பம் இட மறுத்தார். அவை அவர் மறுப்பை மீறியே அதனை நிறைவேற்றிற்று. 1868-இல் அவர்மீது குற்றச்சாட்டு எழுந்து மேலவையில் உசாவல் நடந்தபோது, ஓரே ஓர் ஒப்போலைக் குறைவினால் அவர் பதவி தப்பிற்று. நிலமில்லாத விடுதலை எவ்வளவு நொய்தானது என்பதை அம்மக்களின் அடுத்த நூறாண்டு காட்டிற்று. அம்மக்களுக்குக் கிடைத்த நிலம் ஒரு தேர்தற் கணக்கின் வழியே கைநழுவிற்று என்பது மிகையன்று.

சரியாய் நூறாண்டு நெருங்கும் வேளையில் இரண்டாம் சான்சன் வருகிறார். 1960-இல் மக்களாட்சிக் கட்சி சான் கென்னடியை நிறுத்தியது. வயது 43, வடகிழக்கு மாநிலத்தவர், கத்தோலிக்கர். தென்மாநிலங்களில் இம்மூன்றும் குறைகளாகவே கருதப்பட்டன. அவரோடு அதே இடத்துக்குப் போட்டியிட்டுத் தோற்றவர், மேலவையில் பெரும்பான்மைக் கட்சித் தலைவராய் இருந்த தெக்குசாசு மாநிலத்து இலிண்டன் சான்சன். அவரையே துணைவராகக் கென்னடி அழைத்தபோது தொழிற்சங்கத் தலைவர்கள் கொதித்தனர். உடன்பிறந்த இராபர்ட்டு கென்னடியே ஒப்பவில்லை. சான்சனோ தொடர்வண்டியில் ஏறித் தென்மாநிலங்களை ஊர் ஊராகச் சுற்றினார். வடபுலத்தவரைத் தம்மவராகக் கருதாத மக்களிடம் தம் மண்ணின் பேச்சிலேயே பேசினார். நவம்பர் 4-இல் தல்லாசு நகரில் ஒரு விடுதி வாயிலில் எதிர்க்கட்சிக் கூட்டம் அவரையும் அவர் மனைவியாரையும் சூழ்ந்து கூச்சலிட்டு நெருக்கியது. அக்காட்சி நாடெங்கும் அவர்பால் இரக்கத்தை உண்டாக்கியது.

கணக்கைப் பார்த்தால் உண்மை விளங்கும். கென்னடி பெற்ற தேர்வாளர் 303. வெற்றிக்கு வேண்டுவது 269. தெக்குசாசின் 24, வடகரோலினாவின் 14, தென்கரோலினாவின் 8 ஆகிய 46-உம் கழிந்திருப்பின் எஞ்சுவது 257. ஆட்சி கைவந்திராது. தெக்குசாசில் கிடைத்த மிகுதியோ ஏறத்தாழ 46,000 ஒப்போலை மட்டுமே. அதற்கு முந்தைய இரண்டு தேர்தல்களிலும் அம்மாநிலம் மாற்றுக்கட்சிக்கே சென்றிருந்தது. இரண்டாம் பெயர் முதற்பெயரைத் தூக்கி நிறுத்திய தேர்தல் என்று ஒன்றைச் சுட்ட வேண்டுமாயின் அது இதுவே.

1963 நவம்பர் 22-இல், அதே தல்லாசு நகரில் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். தென்மாநிலத்துச் சான்சன் ஆட்சிக்கு வந்தார். கறுப்பின மக்கள் அஞ்சினர். தென்மாநில நிறவெறியர் தம்மவர் வந்தார் என மகிழ்ந்தனர். இரு சாராரும் ஏமாந்தனர். மேலவையின் ஒவ்வொரு மூலையையும் அறிந்திருந்த அவர், அவ்வறிவனைத்தையும் பயன்படுத்தி 1964-இல் குடியுரிமைச் சட்டத்தையும், 1965-இல் ஒப்போலை உரிமைச் சட்டத்தையும் நிறைவேற்றினார். ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. அச்சட்டங்கள் சான்சன் என்னும் ஒருவரின் ஈகை அல்ல. மாண்டுகோமரி வீதிகளில் ஓராண்டுக்கு மேல் பேருந்தைப் புறக்கணித்து நடந்த கால்களும், பருமிங்காம் நகரில் காவல் நாய்களுக்கு எதிரே நின்ற சிறுவர்களும், செல்மாப் பாலத்தில் அடிபட்டு வீழ்ந்தவர்களும் இல்லாதிருப்பின் அவர் கை எழுதுகோலை எடுத்திராது. ஆட்சியாளர் கதவைத் திறந்தது உண்மை. தட்டியவர் மக்கள் என்பது அதனினும் பெரிய உண்மை.

தன் வாளைத் தானே முறித்தல்

துணைவரைத் தேர்தல் என்பது ஒரு தலைவர் ஆட்சிக்கு வருமுன்னரே தம் ஆளுந்திறனை மக்களுக்குக் காட்டும் முதற்செயல். வள்ளுவப் பெருந்தகை பொருட்பாலில் பெரியாரைத் துணைக்கோடல் என்றும், தெரிந்து தெளிதல் என்றும் தனித்தனி அதிகாரங்கள் வகுத்ததன் கரணியமும் இதுவே. துணையைத் தேர்ந்த வகையினாலேயே தலைவனின் அறிவு அளக்கப்படும்.

1972-இல் மக்களாட்சிக் கட்சியின் வேட்பாளர் மெக்கவர்ன் இதில் தவறினார். கேட்ட பலர் மறுத்துவிட, மாநாட்டின் கடைசி நாளில் சில மணி நேரத்தில் தாமசு ஈகிள்டன் என்பாரைப் பொறுக்கினார். அவர் உளச்சோர்வுக்காக மருத்துவமனையில் தங்கி மின்னதிர்வு மருத்துவம் பெற்றிருந்த செய்தி பின்னர் வெளிவந்தது. நோயுற்றது குற்றமன்று. ஆனால் மெக்கவர்ன் முதலில் முழுமையாகத் துணைநிற்பதாக முழங்கிவிட்டு, சின்னாளில் அவரை விலகச் செய்தார். 18 நாளில் இரண்டாம் பெயர் அழிந்து வேறு பெயர் எழுதப்பட்டது. ஆய்ந்து தேரவும் இல்லை, தேர்ந்தபின் உறுதியாய் நிற்கவும் இல்லை என்னும் பழி தலைவர்மேல் ஏறிற்று. அவர் 49 மாநிலங்களில் தோற்றார். அத்தோல்விக்கு இஃதொன்றே கரணியமன்று. எனினும், நேர்மையாளர் என்று அவர் கட்டியிருந்த பெயரில் விரிசல் கண்டது இதனாலேயே. வேட்பாளரின் வரிக்கணக்கு, உடல்நலம், பழைய பேச்சு யாவற்றையும் கிழமைக்கணக்கில் துருவி ஆயும் வழக்கம் அதன்பின்னரே வேரூன்றிற்று.

2008-இல் குடியரசுக் கட்சியின் சான் மெக்கெயின் செய்த தேர்வு இன்னொரு வகை. எதிரே நின்ற பராக்கு ஒபாமா இளைஞர், பட்டறிவு குறைந்தவர் என்பதே மெக்கெயினின் கூரிய வாள். ஒபாமா அக்குறையை உணர்ந்து, மேலவையில் 35 ஆண்டுக்கு மேல் இருந்த சோ பைடனைத் துணை சேர்த்துக்கொண்டார். மெக்கெயினோ தம் 72-ஆம் பிறந்தநாளன்று, அலாசுக்கா மாநில ஆளுநராகி ஈராண்டும் நிரம்பாத சாரா பேலினை அறிவித்தார். கூட்டம் பெருகிற்று, கட்சித் தொண்டர் துள்ளி எழுந்தனர், கருத்துக் கணிப்பிலும் சில நாள் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் தொலைக்காட்சி நேர்காணல்களில் எளிய வினாக்களுக்கே பேலின் தடுமாறியபோது, ஒபாமாவின் பட்டறிவுக் குறையைச் சுட்டும் தகுதியை மெக்கெயின் இழந்தார். எதிரியை வெட்ட வைத்திருந்த வாளைத் தம் கையாலேயே முறித்துக்கொண்டார்.

இரண்டாம் பெயர் தானாகவே தேர்தலை வென்று தருவது அரிது. மக்கள் பெரும்பாலும் முதற்பெயருக்கே ஒப்போலை இடுகின்றனர். 1984-இல் மாண்டேல், பெருங்கட்சியொன்றின் முதற் பெண் துணைத்தலைவர் வேட்பாளராகச் செரால்டின் பெராரோவை நிறுத்தி வரலாறு படைத்தார். ஆயினும் 49 மாநிலங்களில் தோற்றார். ஆக, இரண்டாம் பெயர் மாற்றுவது முடிவை அன்று, பரப்புரையின் பேச்சை. எதைப்பற்றி நாடு பேசும், எவர் எதனைத் தற்காத்து நிற்க வேண்டும், தலைவரை எவ்வாறு மதிப்பர் என்பவற்றை அது மாற்றிவிடுகின்றது. அதனினும் மேலாக, எட்டாண்டோ பன்னீராண்டோ கழித்து எவர் முதற்பெயராவர் என்பதையும் அது விதைத்துவிடுகின்றது.

2008-இல் ஒபாமா ஒரு குறையை மறைக்கச் சேர்த்த இரண்டாம் பெயர், 2020-இல் முதற்பெயராயிற்று. அம்முதற்பெயர் அவ்வாண்டு ஆகத்து 11-இல் தேர்ந்த இரண்டாம் பெயர் கமலா ஆரிசு. ஓராண்டுக்கு முன் கட்சிச் சொற்போர் மேடையில், பள்ளிகளில் நிறவேற்றுமை நீக்கும் பேருந்துத் திட்டத்தை அவர் முன்னர் எதிர்த்தது பற்றிப் பைடனை நேர்நின்று குத்திக் கேட்டவர் இவரே. அவரையே அவர் சேர்த்ததற்குக் கரணியம் உண்டு. பெண்ணொருவரையே துணையாக்குவேன் என்று பைடன் மார்ச்சுத் திங்களிலேயே சொல்லியிருந்தார். மே 25-இல் மின்னியாபொலிசு நகரில் சியார்ச்சு பிளாய்டு என்னும் கறுப்பினத்தவர் காவலரின் முழங்காலடியில் உயிர்விட்ட பின் நாடே கொதித்தது. கட்சியின் முதுகெலும்பான கறுப்பினப் பெண்கள் தம் பங்கைக் கேட்டனர். அறிவிப்பு வந்த 48 மணி நேரத்தில் 4 கோடியே 80 இலக்கம் தாலர் பரப்புரைக்குக் குவிந்தது.

அத்தேர்வின் முழு விளைவு நான்காண்டு கழித்தே தெரிந்தது. 2024 சூன் 27-இல் திரம்புடன் நடந்த சொற்போரில் பைடன் தடுமாறினார். சூலை 21-இல் விலகினார். தேர்தலுக்கு எஞ்சியது 107 நாள். போட்டியின்றி ஆரிசே வேட்பாளரானார். அவர் துணைக்கு மின்னசோட்டா ஆளுநர் திம் வால்சைச் சேர்த்தார். நவம்பர் 5-இல் 312-க்கு 226 எனத் தோற்றார். 2024-இன் முதற்பெயரை மக்கள் தனியே தேரவில்லை. 2020-இலேயே அது தேரப்பட்டுவிட்டது!

எதிர்ப்புறத்தில் தொனால்டு திரம்பு 2016-இல், தம்மை ஐயுற்ற பற்றுமிக்க கிறித்தவர்களைத் தேற்ற மைக்கு பென்சைச் சேர்த்தார். ஒப்போலைக்காகச் சேர்த்த அவருடைய மனச்சான்றைத் திரம்பு எண்ணிப் பார்க்கவில்லை. 2021 சனவரி 6-இல், தேர்வாளர் ஒப்போலையை எண்ணவொட்டாமல் தடுக்குமாறு தலைவர் நெருக்கினார். வெளியே கூட்டம் பென்சைத் தூக்கிலிடுமாறு கூவிக் கட்டடத்துக்குள் புகுந்தது. பென்சு நகரவில்லை. விடியுமுன் எண்ணிக்கையை முடித்தார். அதன்பின் 2024 சூலை 15-இல் திரம்பு தேர்ந்தது, 2016-இல் தம்மைக் கடுமையாய்த் தாக்கி, பின் முற்றும் இணங்கிவிட்ட ஒகையோ மாநிலத்துச் சே.டி. வான்சை. முன்னர்த் தேடியது ஈடு. பின்னர்த் தேடியது இணக்கம். அவ்வேறுபாட்டுக்குள் ஒரு பேரரசின் நிலைமாற்றமே அடங்கியிருக்கின்றது.

சித்தி என்னும் சொல்லும் தமிழர் கனவும்

கமலா ஆரிசின் தாய் சியாமளா கோபாலன் சென்னையில் பிறந்தவர். 1958-இல் தம் 19-ஆம் வயதில் கலிபோர்னியா சென்று படித்து, மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சியாளராய் விளங்கி, 2009-இல் மறைந்தார். தாயின் தந்தை கோபாலன், மன்னார்குடியை அடுத்த துளசேந்திரபுரத்தைப் பூர்விகமாகக் கொண்டவர். 2020 ஆகத்து 19-இல் வேட்பாளர் உரையில் ஆரிசு தம் உறவினரைச் சொல்லிவருகையில் ‘சித்தி’ என்னும் தமிழ்ச்சொல்லை ஆங்கிலத்தினிடையே ஒலித்தார். தாயின் மூத்த உடன்பிறந்தாள் பெரியம்மா, இளையவள் சித்தி என்று பிரித்துச் சொல்லும் நுட்பம் ஆங்கிலத்துக்கு இல்லை. உலகமே கேட்ட மேடையில் அச்சொல் ஒலித்ததற்குத் தமிழர் மகிழ்ந்தது பிழையன்று.

துளசேந்திரபுரத்து எளிய மக்கள் சுவரொட்டி ஒட்டியதும், 2021 சனவரி 20-இல் வெடி வெடித்து இனிப்பு வழங்கியதும் குறைகூறத் தக்கன அல்ல. ஊர்க்காரரின் பெயர்த்தி உயர்ந்தால் ஊர் மகிழும். 2024 நவம்பரில் அவ்வூர்க் கோயிலில் ஆரிசுக்காக வழிபாடு நடந்தது. அதே தேர்தலில் வான்சின் மனைவியார் உசாவின் முன்னோர் ஊரான ஆந்திர நாட்டு வட்லூருவில் எதிர்க்கட்சியின் வெற்றிக்கு வழிபாடு நடந்தது. எவர்க்கும் அங்கே ஒப்போலை இல்லை. இரண்டு ஊரிலும் கற்பூரம் மட்டும் எரிந்தது!

குறைகூறத் தக்கவர் ஊர்மக்கள் அல்லர். ஒரு பெயரைக் காட்டி, இனித் தமிழர்க்கு விடிவு வந்துவிட்டது என்று எழுதியவரும் பேசியவரும் ஆவர். ஆரிசு எக்கணக்கில் தேரப்பட்டார்? பெண்கள் கணக்கு இருந்தது. கறுப்பினத்தார் கணக்கு இருந்தது. கட்சிக்குள் ஒற்றுமைக் கணக்கு இருந்தது. தமிழர் எந்தக் கணக்கில் இருந்தனர்? எந்தக் கணக்கிலும் இல்லை. மேலவையில் 33 முறை சமநிலையை முறித்து ஒப்போலை இட்டு, அந்நாட்டு வரலாற்றிலேயே மிகுதியான எண்ணிக்கை கண்டார் ஆரிசு. அவை யாவும் அமெரிக்க நலனுக்கு இட்டவை. அதனை அவர்மீது குற்றமாகச் சொல்வது அறமன்று. அவர் அந்நாட்டின் மகள், அந்நாட்டின் பணியாளர். பிழை எதிர்பார்த்தவரிடமே உள்ளது.

அவ்வாட்சிக் காலத்து நிகழ்ச்சிகளையே சான்றாகக் கொள்க. 2021 ஏப்பிரல் 24-இல், 1915-இல் தொடங்கிய ஆர்மீனியர் படுகொலையை இனக்கொலை என்று பைடன் அறிவித்தார். 2022 மார்ச்சுத் திங்களில், பர்மாவில் உரோகிங்கியர்க்கு இழைக்கப்பட்டதையும் இனக்கொலை என்று அவ்வரசு அறிவித்தது. ஆர்மீனியரோ உரோகிங்கியரோ அந்த ஒப்போலையில் இரண்டாம் பெயராகவும் இல்லை. தமிழ்த்தாயின் மகள் இரண்டாம் இருக்கையில் அமர்ந்திருந்த அந்நான்கு ஆண்டிலும், 2009 மே திங்களில் முள்ளிவாய்க்காலில் முடிந்த கொடுமைக்கு அப்பெயர் தரப்படவில்லை. ஆர்மீனியர் எவ்வாறு பெற்றனர்? நூறாண்டுக்கு மேல் ஒரே கோரிக்கையை விடாது பற்றினர். மாநிலம் மாநிலமாக மன்றங்களை அணுகித் தீர்மானம் பெற்றனர். வேட்பாளராய் இருந்தபோது வாக்களித்த ஒபாமா எட்டாண்டு ஆட்சியில் அதனைக் காக்காதபோதும் சோரவில்லை. 2019-இல் இரண்டு அவைகளிலும் தீர்மானம் நிறைவேறச் செய்தனர். அதன்பின்னரே தலைவரின் வாய் திறந்தது.

தமிழர்க்கும் அவ்வழி அறியாத வழியன்று. கனடா நாட்டில் ஈழத்தமிழர் ஏதிலியராய்ச் சென்று, ஊர் ஊராக ஒன்றுகூடி, அமைப்பாகி, ஒப்போலை ஆற்றலாகி நின்றனர். 2022 மே 18-இல் அந்நாட்டு மக்களவை, அந்நாளைத் தமிழினக்கொலை நினைவுநாளாக எதிர்ப்பின்றி ஏற்றது. 2023 சனவரியில் இராசபக்சே உடன்பிறந்தார் இருவர்மீதும் அந்நாட்டரசு தடை விதித்தது. அங்கே எந்தத் துணைத்தலைவரின் தாய்வழியையும் எவரும் துருவவில்லை. அங்கே குருதியுறவு பேசவில்லை, கட்டுக்கோப்பு பேசிற்று.

தெக்குசாசுக்கு 24 தேர்வாளர் இருந்தமையால் அதன் மகனுக்கு இரண்டாம் இடம் கிடைத்தது. கறுப்பினப் பெண்கள் ஒன்றுபட்டு ஒப்போலை இட்டமையால் அவர்களுள் ஒருவருக்கு அவ்விடம் கிடைத்தது. எண்ணிக்கையும் ஒற்றுமையும் விடாப்பிடியும் உள்ளவரை நோக்கியே இரண்டாம் பெயர் நீட்டப்படுகிறது. அவை இல்லாதவர்க்கு உறவுமுறை சொல்லி மகிழ்வதன்றி வேறு பயன் இல்லை. ‘சித்தி’ என்னும் சொல்லை அயலார் மேடையில் கேட்டுப் பூரிக்கும் தமிழன், தன் வீட்டுக் குழந்தை அவ்வுறவை ‘ஆண்ட்டி’ என்றழைப்பதைக் கேட்டு வாளா இருக்கின்றானே, இதனினும் வெட்கக்கேடு உண்டா? சொல்லைக் காப்பதற்கே வீட்டில் ஒற்றுமை இல்லாத இனத்துக்கு, நாட்டைக் காத்துத்தர வெளியிலிருந்து எவர் வருவார்?

தன் கையே தனக்குதவி என்பது பழமொழி. பிறர் ஒப்போலையில் இரண்டாம் பெயராக எவர் வருவார் எனப் பார்த்திருக்கும் இனம் என்றும் இரண்டாம் இனமாகவே இருக்கும். துளசேந்திரபுரத்துக் கோயிலில் எரிந்த கற்பூரம் அணைந்துவிட்டது. முள்ளிவாய்க்கால் மணலில் புதைந்தவரின் வினா இன்னும் அணையவில்லை. அதற்கு விடை வாசிங்டனில் எழுதப்படப் போவதில்லை. தமிழர் தம் மொழியால் ஒன்றுபட்டு, தம் கோரிக்கையை ஆண்டுதோறும் தலைமுறைதோறும் விடாது ஏந்தி, தம் வரலாற்று ஏட்டின் முதல் வரியில் தம் பெயரைத் தாமே எழுதும் நாளில்தான் அவ்விடை பிறக்கும்.